வைஃபை வராத லினக்ஸ் லேப்டாப்: முதலில் கார்டின் பெயரைக் கேளுங்கள்

போன மாதம் குலசேகரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவன் போன் செய்தான். "அண்ணே, லினக்ஸ் போட்டேன். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. வைஃபையை மட்டும் காணல்ல."

"உள்ள என்ன வைஃபை கார்டு இருக்கு மக்கா?" என்று கேட்டேன். அவன் லேப்டாப் கம்பெனியின் பெயரையும் மாடலையும் சொன்னான். அந்த மாடல் பெயரை வைத்து இணையத்தில் தேடி, கிடைத்த கட்டளைகளை எல்லாம் இரண்டு நாளாக ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்திருக்கிறான். கார்டு எது என்று மட்டும் பார்க்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுத அந்தப் போன்தான் காரணம். ஒரே மாடல் எண் போட்டு விற்ற இரண்டு லேப்டாப்களுக்குள் இரண்டு வேறு கம்பெனிகளின் வைஃபை கார்டு இருக்கலாம். லினக்ஸுக்கு லேப்டாப்பின் மூடியில் ஒட்டியிருக்கும் பெயர் முக்கியமில்லை, உள்ளே இருக்கும் சில்லுதான் முக்கியம். அதன் பெயர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. தெரியாமல் போடும் ஒவ்வொரு கட்டளையும் பின்னால் அவிழ்க்க வேண்டிய இன்னொரு முடிச்சு.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. நன்றாக ஓடும் லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாமல் லினக்ஸுக்கு வருகிறவர்கள்தான் இப்போது என்னை அதிகம் கூப்பிடுகிறார்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமெல்லாம் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் இன்னும் பல வீடுகளில் அலமாரியில் இருக்கிறது. அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். உதாரணங்கள் உபுண்டு, லினக்ஸ் மின்ட் என்ற இரண்டு லினக்ஸ் வகைகளையும் வைத்துச் சொல்கிறேன். கட்டளை வரும் இடங்களில் போனில் சொல்வது போலவே எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். எல்லாமே ஆங்கிலச் சிற்றெழுத்து. இடைவெளி என்று சொன்ன இடத்தில் மட்டும் இடைவெளி விடுங்கள்.

நிறுவுவதற்கு முன்பே பாருங்கள்

இன்னும் லினக்ஸ் போடவில்லை என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர். பென் டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கி, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். வலது மூலையில் வைஃபை குறி வருகிறதா, வீட்டு ரவுட்டரின் பெயர் பட்டியலில் தெரிகிறதா, இணைந்து ஒரு வீடியோ ஓடுகிறதா என்று பாருங்கள். பென் டிரைவில் ஓடுவது பெரும்பாலும் நிறுவிய பிறகும் ஓடும். ஓடவில்லை என்றால், விண்டோஸை அழிப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டீர்கள்.

சுவிட்ச் போட்டிருக்கிறதா?

கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும், ஆனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். பழைய லேப்டாப்களின் பக்கவாட்டிலோ முன்விளிம்பிலோ வைஃபைக்கென்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். மற்றவற்றில் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்த வேண்டிய, விமானமோ கோபுரமோ வரைந்த விசை இருக்கும். அதைப் பார்த்த பிறகு கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தி, கட்டளை அடிக்கும் சாளரமான டெர்மினலைத் திறந்து, ஆர் எஃப் கே ஐ எல் எல், இடைவெளி, எல் ஐ எஸ் டி என்று அடியுங்கள்.

வருகிற பட்டியலில் சாஃப்ட், ஹார்ட் என்று இரண்டு வரி இருக்கும். சாஃப்ட் என்ற வரியில் 'யெஸ்' இருந்தால் மென்பொருள் தடுத்திருக்கிறது. முன்னே அடித்ததில் கடைசிச் சொல்லை எடுத்துவிட்டு 'அன்பிளாக் ஆல்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களைப் போட்டால் திறந்துவிடும். ஹார்ட் என்ற வரியில் 'யெஸ்' இருந்தால் எந்தக் கட்டளையாலும் திறக்க முடியாது. சுவிட்சையோ விசையையோ கையால்தான் மாற்ற வேண்டும்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி உண்டு. அது போட்டிருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக நிற்காது, பாதித் தூக்கத்தில் கிடக்கும். வைஃபை கார்டும் அதன் பிடியிலேயே இருந்துவிடுவதால், அடுத்து லினக்ஸுக்குள் வந்தால் கார்டு மசியாது. விண்டோஸின் பவர் அமைப்புகளில் அதை நிறுத்திவிடுங்கள். இதுதான் காரணமா என்று உடனே பார்க்க வேண்டுமானால், ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் அந்த ஒரு தடவை முழுதாக நிற்கும்.

கார்டின் பெயரும் எண்ணும்

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். டெர்மினலில் எல் எஸ் பி சி ஐ, இடைவெளி, சிறு கோடு, என் என் கே என்று அடித்து என்டர் தட்டுங்கள். திரை நிறைய வரிகள் ஓடும், பயப்பட வேண்டாம். மேலே நகர்த்தி 'நெட்வொர்க் கண்ட்ரோலர்' என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். 'ஈத்தர்நெட் கண்ட்ரோலர்' என்பது கேபிள் செருகும் கார்டு, அதை விட்டுவிடுங்கள்.

அந்த வரியில் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் இருக்கும். முதலில் 0280 என்று தனியாக வருவது வகை எண். அது எல்லா வைஃபை கார்டுக்கும் பொது, அதைக் குறித்து வைத்தால் பயனில்லை. வரியின் கடைசிப் பக்கம், நடுவில் இரட்டைப் புள்ளியோடு நான்கும் நான்குமாக வருவதுதான் நமக்கு வேண்டிய எண். முதல் நான்கு, செய்த கம்பெனி. அடுத்த நான்கு, சில்லின் மாடல். 8086 என்று தொடங்கினால் இன்டெல். அந்தக் கம்பெனி தன் புகழ்பெற்ற பழைய பிராசஸரின் எண்ணையே அடையாளமாக வைத்துக்கொண்டது, அதனால் மறக்காது. 14ஈ4 என்றால் பிராட்காம், 10ஈசி என்றால் ரியல்டெக், 168சி என்றால் ஏதெரோஸ், 14சி3 என்றால் மீடியாடெக்.

இந்த எட்டு எழுத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். இணையத்தில் தேடும்போது லேப்டாப் பெயருக்குப் பதில் இதைப் போட்டுத் தேடுங்கள், கிடைக்கும் பதில்களின் தரமே மாறிவிடும்.

அப்புறம் அதற்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிரைவர் கார்டைப் பிடித்துக்கொண்டது, சிக்கல் வேறெங்கோ இருக்கிறது. அந்த வரியே இல்லை என்றால் கார்டு தெரிகிறது, அதோடு பேச ஆள் இல்லை. 'நெட்வொர்க் கண்ட்ரோலர்' என்ற வரியே வரவில்லை என்றால் கார்டு யூஎஸ்பி வழியாக இணைந்திருக்கலாம். எல் எஸ் யூ எஸ் பி என்று அடித்துப் பாருங்கள். அதிலும் இல்லை என்றால் கார்டே கழன்றிருக்கலாம்.

டிரைவர் இருந்தும் வைஃபை வரவில்லையா? அப்போது ஃபர்ம்வேரைச் சந்தேகப்படுங்கள். டிரைவர் என்பது லினக்ஸின் மையமான கெர்னலுக்கும் கார்டுக்கும் நடுவில் பேசும் நிரல். ஃபர்ம்வேர் என்பது கார்டுக்கு உள்ளேயே ஓடும் நிரல். லேப்டாப் தொடங்கும்போது டிரைவர்தான் அதை வட்டிலிருந்து எடுத்துக் கார்டுக்குள் ஏற்றும். கோப்பு வட்டில் இல்லையென்றால் டிரைவர் வெறுங்கையோடு நிற்கும். எஸ் யூ டி ஓ, இடைவெளி, டி எம் ஈ எஸ் ஜி என்று அடியுங்கள். பாஸ்வேர்ட் கேட்கும். நீங்கள் அடிக்கும்போது திரையில் புள்ளிகூட வராது, ஆனாலும் ஏறிக்கொண்டுதான் இருக்கும். முழுதும் அடித்து என்டர் தட்டுங்கள். ஓடும் வரிகளில் ஃபர்ம்வேர் என்ற சொல்லும், 'ஃபெயில்ட்' என்ற சொல்லும், கடைசியில் -2 என்ற எண்ணும் சேர்ந்து வந்தால், அந்தக் கோப்பு வட்டில் இல்லை என்று பொருள். கோப்பின் பெயரும் அதே வரியில் இருக்கும்.

உபுண்டு, மின்ட் இரண்டிலும் ஃபர்ம்வேர் தொகுப்பு நிறுவும்போதே வந்துவிடும். டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் 12-ஆம் பதிப்புக்கு முன்பு அப்படி இல்லை. மூலம் திறக்கப்படாத கோப்புகளை நிறுவும் ஊடகத்தில் சேர்ப்பதா என்று 2022-ல் டெபியன் சமூகம் வாக்கெடுத்து, சேர்க்கலாம் என்று முடிவு செய்தது. 2023 ஜூனில் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து அவை உடன் வருகின்றன. அரசு லேப்டாப்களில் வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான். அந்தப் பழைய பதிப்போடு மல்லுக்கட்ட வேண்டாம், புதிதாக ஒன்றை நிறுவிக்கொள்வதே என் யோசனை.

இணையம் இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது?

வைஃபை டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும் என்று பலர் இங்கேதான் சோர்ந்து போகிறார்கள். உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனே வழி. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் ஆகாது, போட்டோ மாற்றப் பயன்படும் கேபிளால் போனை லேப்டாப்பில் செருகுங்கள். போனின் அமைப்புகளில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் யூஎஸ்பி டெதரிங் என்பதைப் போடுங்கள். லேப்டாப் அதைக் கேபிள் இணைப்பு என்றே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் வேண்டாம். மலையோரத்தில் டவர் எடுக்காத வீடாக இருந்தால், போனை வீட்டு வைஃபையிலேயே இணைத்துவிட்டு டெதரிங் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான போன்கள் அந்த வைஃபையையே கேபிள் வழியாக லேப்டாப்புக்குக் கொடுக்கும். டேட்டாவும் தீராது.

இணையம் வந்ததும் முதல் வேலை எல்லா மேம்படுத்தல்களையும் போடுவது. சில கார்டுகளுக்கு அதுவே மருந்து.

எந்தக் கம்பெனிக்கு என்ன வழி

இன்டெல் என்றால் கவலை குறைவு. டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. கார்டு புதிதாகவும் கெர்னல் பழையதாகவும் இருந்தால்தான் தகராறு. ஏஎக்ஸ்200 கார்டுக்குக் கெர்னல் 5.1-ம், ஏஎக்ஸ்210-க்கு 5.10-ம் குறைந்தபட்சம் வேண்டும். உங்கள் கெர்னல் எது என்று அறிய யூ என் ஏ எம் ஈ, இடைவெளி, சிறு கோடு, ஆர். உபுண்டு 24.04, மின்ட் 22 இரண்டும் 6.8 கெர்னலோடு வந்தவை, அதனால் இந்த இரண்டு கார்டுக்கும் அவை போதும். பழைய ஏதெரோஸ் கார்டுகளில் ஏடிஎச்9கே டிரைவரில் ஓடுபவை இன்னும் நல்லவை. அவற்றுக்குத் தனி ஃபர்ம்வேர் கோப்புகூடத் தேவையில்லை.

பிராட்காமுக்குத்தான் பொறுமை வேண்டும். நெடுங்காலம் இந்தக் கம்பெனி லினக்ஸுக்குத் திறந்த டிரைவர் கொடுக்கவில்லை. 2010 செப்டம்பரில்தான் சில சில்லுகளுக்குக் கொடுத்தது. அதனால் எண்ணைப் பொறுத்து வழி மூன்றாகப் பிரியும். மிகப் பழையவற்றுக்கு பி43 என்ற டிரைவர். அதன் ஃபர்ம்வேரைத் தனியாக இறக்க வேண்டும். 4313 போன்றவற்றுக்குக் கெர்னலிலேயே டிரைவர் உண்டு. 43142 போன்றவற்றுக்கு, அதாவது எண் 14ஈ4:4365 என்று வந்தால், கம்பெனியே கொடுத்த டபிள்யூஎல் என்ற மூடிய டிரைவர்தான் ஒரே வழி.

இதைக் கட்டளை அடித்துப் போட வேண்டாம். மின்டில் டிரைவர் மேனேஜர், உபுண்டுவில் 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' உள்ளே 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்ற தாவல். திறந்ததும் கார்டைத் தானே கண்டுபிடித்துப் பட்டியலிடும். தேர்ந்தெடுத்து, பொருத்தி, லேப்டாப்பை மறுபடி தொடங்குங்கள். மின்டில் இணையமே இல்லாவிட்டாலும், நிறுவிய பென் டிரைவைச் செருகினால் பிராட்காம் டிரைவரை அதிலிருந்தே எடுத்துக்கொள்ள முடியும். பி43-யும் டபிள்யூஎல்லும் ஒரே கார்டுக்குச் சண்டை போடும். இரண்டையும் போட்டு வைக்காதீர்கள். குலசேகரம் பையனின் லேப்டாப்பில் நடந்தது அதுதான்: அவனுடையது 43142, பழைய குறிப்பு ஒன்றைப் பார்த்து பி43 போட்டிருந்தான். அதை நீக்கிவிட்டு டிரைவர் மேனேஜர் சொன்னதைப் போட்டதும் கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

ரியல்டெக் கார்டுகளில் எனக்கு அடிக்கடி வருவது இரண்டு. ஒன்று 8821சிஈ. இதற்குப் பழைய குறிப்புகள் எல்லாம் மூலநிரலை இறக்கி நீங்களே தொகுக்கச் சொல்லும். கெர்னல் 5.9 முதல் டிரைவர் உள்ளேயே வந்துவிட்டது. புதிய பதிப்பு வைத்திருப்பவர்கள் அதை முதலில் நம்பிப் பாருங்கள்.

இன்னொன்று 8723பிஈ. டிரைவர் இருக்கும், ரவுட்டர் பெயரும் தெரியும், ஆனால் ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும்தான் ஓடும். வாசலுக்கு வந்தால் ஒரு கோடு. வீட்டில் எல்லாரும் சுவரைக் குறை சொல்வார்கள். லேப்டாப்புக்கு அருகிலேயே போனை வைத்துப் பாருங்கள். போனில் முழு சிக்னல் இருந்தால் சுவர் குற்றவாளி அல்ல. இந்தக் கார்டில் ஆன்டெனா செருக இரண்டு இடம் உண்டு. சில லேப்டாப்களில் ஒரே ஒரு ஆன்டெனா வயரை மட்டும் கொடுத்திருப்பார்கள். டிரைவர் ஆன்டெனா இல்லாத பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

மாற்றிப் பார்க்க, முதலில் ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரைக் கெர்னலிலிருந்து விலக்குங்கள்: எஸ் யூ டி ஓ, இடைவெளி, எம் ஓ டி பி ஆர் ஓ பி ஈ, இடைவெளி, சிறு கோடு, ஆர், இடைவெளி, ஆர் டி எல் 8723 பி ஈ. பிறகு அதே வரியைச் சிறு கோட்டையும் ஆரையும் விட்டுவிட்டு அடித்து, கடைசியில் இடைவெளி, ஏ என் டி, அடிக்கோடு, எஸ் ஈ எல், சமக்குறி, 2 என்று சேருங்கள். சிக்னல் ஏறவில்லை என்றால் மறுபடி விலக்கிவிட்டு 2-க்குப் பதில் 1 போடுங்கள். இந்த மாற்றம் லேப்டாப்பை அணைக்கும் வரைதான் இருக்கும். சரியான எண் தெரிந்த பிறகு, அதை மோட்புரோப் அமைப்புக் கோப்பில் எழுதினால் நிலைத்துவிடும். ஒரு கோட்டிலிருந்து நான்கு கோடாக ஏறுவதைப் பார்க்கும்போது வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

நீலத் திரை வந்தால் விடாதீர்கள்

டபிள்யூஎல் போன்ற வெளி டிரைவரைப் போடும்போது செக்யூர் பூட் பற்றி ஒரு எச்சரிக்கை வந்து, ஒரு பாஸ்வேர்ட் அமைக்கச் சொல்லும். செக்யூர் பூட் என்பது லேப்டாப் தொடங்கும்போது இருக்கும் காவல், கையொப்பம் இல்லாத டிரைவரை உள்ளே விடாது. உங்கள் லேப்டாப்பிலேயே உருவாகும் ஒரு சாவியால் டிரைவருக்குக் கையொப்பமிட்டு, அந்தச் சாவியை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அந்தப் பாஸ்வேர்ட். எட்டு எழுத்துக்குக் குறையாமல் எளிதாக ஒன்றை வைத்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வரும். எதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிப் பத்து நொடிதான் காத்திருக்கும். லேப்டாப் தொடங்கட்டும் என்று விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால், திரை போய்விடும், சாவியும் ஏறாது, டிரைவரும் வேலை செய்யாது. அருகிலேயே இருங்கள். விசையை அழுத்தியதும் 'என்ரோல் மோக்', பிறகு 'கன்டினியூ', பிறகு 'யெஸ்', பிறகு அந்தப் பாஸ்வேர்ட், கடைசியில் ரீபூட். செக்யூர் பூட்டையே பயாஸில் நிறுத்திவிடச் சொல்பவர்கள் உண்டு. அதுவும் வேலை செய்யும்தான், ஆனால் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியத்துக்காக ஒரு பாதுகாப்பை இழக்க நான் சொல்ல மாட்டேன்.

இணைந்து இணைந்து விடுபடுகிறதா?

மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டு தூங்கி எழுவதுதான் பல நேரம் காரணம். ஈடிசி அடைவுக்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி என்று போனால், பெயரில் வைஃபை-பவர்சேவ் என்று வரும் கோப்பு ஒன்று இருக்கும். அதை நிர்வாகி உரிமையோடு திறந்து, 3 என்றிருப்பதை 2 ஆக்கிச் சேமித்து மறுபடி தொடங்குங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், ஆனால் இணைப்பு விடுபடாமல் நிலைக்கும்.

போனில் தெரியும் வீட்டு வைஃபை லேப்டாப்பில் மட்டும் தெரியவில்லை, பக்கத்து வீட்டுடையது தெரிகிறது என்றால் ரவுட்டரின் சேனலைப் பாருங்கள். இந்தியாவில் 1 முதல் 13 வரை உண்டு. லேப்டாப் தன்னை அமெரிக்காவில் இருப்பதாக நினைத்தால் 11-க்கு மேல் பார்க்காது. ரவுட்டரை 1, 6, 11 மூன்றில் ஒன்றுக்கு மாற்றிவிட்டால் போதும்.

கழற்றிப் பார்க்கும் நேரம்

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களிலிருந்து வரும் லேப்டாப்களை நான் முதலில் திறந்துதான் பார்க்கிறேன். உப்புக் காற்று செம்பையும் தகரத்தையும் சும்மா விடாது. அப்படி வந்த ஒன்றில் கார்டின் பொன்னிற விளிம்பு மங்கி, பச்சை படிந்திருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, கார்டை எடுத்து, வெள்ளை ரப்பரால் விளிம்பை மெல்லத் தேய்த்துத் துடைத்துத் திரும்பப் போட்டதும், அதுவரை பட்டியலில் வராத கார்டு வந்தது. ஆன்டெனா வயர்களின் முனை பொத்தான் போன்றது, மிகச் சிறியது. நேராக வைத்து விரலால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் வளைந்துவிடும்.

கார்டே போய்விட்டது என்றால் யூஎஸ்பி வைஃபை வாங்கலாம். கடையில் பெட்டியில் உள்ள பெயரைப் பார்க்காமல் உள்ளே என்ன சில்லு என்று கேளுங்கள். எம்டி7601யூ சில்லு உள்ளது கெர்னல் 4.2 முதலே டிரைவர் தேடாமல் ஓடுகிறது. விலை குறைந்ததைத் தேடுபவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். சிலவற்றைச் செருகினால் வைஃபைக்குப் பதில் ஒரு சிடி போலத் தோன்றும். அது விண்டோஸ் டிரைவரைச் சுமந்து வருவதால் அப்படி. அந்தச் சிடி படத்தின் மேல் வலது சொடுக்கி 'எஜெக்ட்' கொடுத்தால் பல நேரம் வைஃபையாக மாறிவிடும்.

எல்லாம் சரியாகி ஓடிக்கொண்டிருந்தது கெர்னல் புதுப்பித்த மறுநாள் நின்றுவிட்டால், லேப்டாப் தொடங்கும்போது 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள், வைஃபை திரும்பி வரும். பிறகு புதிய கெர்னலுக்கு வெளி டிரைவரைத் தொகுக்கத் தேவைப்படும் ஹெட்டர்ஸ் தொகுப்பு வந்திருக்கிறதா என்று பார்த்து, டிரைவரை நீக்கி மறுபடி போடுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் யாரிடமாவது கேளுங்கள். கேட்கும்போது தாளில் எழுதி வைத்த அந்த எட்டு எழுத்து, கெர்னல் எண், டிமெஸ்ஜி காட்டிய அந்த வரி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.